குழந்தைக்கு எதற்கு ஹெல்மெட்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகள் வீடியோவில் அழைத்தாள். ஐந்து மாதப் பையனை ஆச்சிக்குக் காட்டத்தான். அவனும் சிரித்தான், காலை உதைத்தான், எல்லாம் ஆயிற்று. அவனைத் திருப்பி மடியில் வைத்தபோதுதான் ஆச்சி கவனித்தாள். தலையின் பின்பக்கம், வலப்புறம், யாரோ உள்ளங்கையால் அமுக்கி வைத்த மாதிரி தட்டையாக இருந்தது. "ஏட்டி, தலைய உருட்டிவிட்டுக் குளிப்பாட்டலையா நீ?" என்று சட்டென்று கேட்டுவிட்டாள். அக்காவுக்கு முகம் வாடிப்போயிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தனியாக ஃபோன் செய்தாள். டாக்டர் ஹெல்மெட் போடலாம் என்றாராம். தினமும் 23 மணி நேரம், மூன்று நான்கு மாதம். இன்சூரன்ஸ் கொடுக்குமா என்பது சந்தேகம். கைக்காசு என்றால் ஆயிரக்கணக்கில் டாலர். "போடாம விட்டா நாளைக்குப் பெரியவனாகி, ஏன்மா விட்டேன்னு கேட்பானோடா?" என்றாள். பி.காம் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் இரண்டு வாரம் இதையே தேடித் தேடிப் படித்தேன். மருத்துவ ஆலோசனை சொல்ல எனக்கு அருகதை இல்லை. இந்த ஹெல்மெட் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லலாம். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கதை அது.

முதலில், படுக்கை. நம் வீடுகளில் பிள்ளையை மல்லாக்கப் போடுவதோ தூளியில் போடுவதோதான் வழக்கம். அமெரிக்காவில் அப்படி இல்லை. டாக்டர் பெஞ்சமின் ஸ்போக் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. கோடிக்கணக்கில் விற்ற புத்தகம். 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் அவர் குழந்தையைக் குப்புறப் போடச் சொன்னார். காரணம் இரண்டு. மல்லாந்து கிடக்கிற குழந்தை கக்கினால் மூச்சு அடைத்துவிடலாம் என்பது ஒன்று. இன்னொன்றைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லாக்கப் போட்டால் குழந்தை ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கிடக்கும், அந்தப் பக்கம் தட்டையாகிவிடலாம் என்பதுதான் அது! அதனால் மூளைக்குக் கெடுதி இல்லை, தலை நாளடைவில் சரியாகிவிடும் என்றும் அவரே சொல்லியிருந்தார். ஆக, தட்டைத் தலைக் கவலை அக்காவோடு தொடங்கியது இல்லை. அவள் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே அச்சில் இருந்திருக்கிறது.

ஸ்போக் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் குப்புறப் படுத்தால் நன்றாக மூச்சு விடுகின்றன என்று மருத்துவமனைகளில் கண்டார்கள். அந்தப் பழக்கம் மற்றக் குழந்தைகளுக்கும் பரவியது. நர்ஸ் செய்வதைப் பார்த்துத் தாய்மார்களும் வீட்டில் அப்படியே செய்தார்கள். 1992 வாக்கில் அமெரிக்காவில் பத்துக் குழந்தைகளில் ஏழு குப்புறத்தான் தூங்கின.

இதே காலத்தில்தான் தொட்டில் மரணம் என்பது பெரிய பீதியாக இருந்தது. ராத்திரி பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கப் போன குழந்தை காலையில் இறந்து கிடக்கும். உடலை அறுத்துப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. தாயைப் போலீஸ் சந்தேகித்த கதைகளும் உண்டு. இறப்புகளைக் கணக்கெடுத்தபோது குப்புறப் படுத்த குழந்தைகளே அதிகம் இறந்திருப்பது தெரியவந்தது. நெதர்லாந்தில் 1987-லேயே குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 1991-ல் அங்கே பிரசாரம் தொடங்கியது. அதே வருடம் பிரிட்டனில் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரின் ஆண் குழந்தை இப்படி இறந்துபோனது. அந்தம்மா நியூசிலாந்து போய் விசாரித்து வந்து, 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று ஊர் முழுக்கச் சொன்னார். அரசும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் அறிவுரையை மாற்றியது. 1994-ல் நாடு தழுவிய பிரசாரம் வந்தது.

பலன்? அமெரிக்காவில் 1992-ல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்த தொட்டில் மரணம் 2001-ல் 0.56 ஆகிவிட்டது. பாதிக்கும் கீழே! மருந்து இல்லை, ஊசி இல்லை, பைசா செலவில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதுதான். 2005-ல் வந்த ஒரு ஆய்வு இதைவிட வலிக்கிற கணக்கைச் சொன்னது. 1970 வாக்கில் கையில் இருந்த தகவல்களையே ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளின் சாவைத் தடுத்திருக்கலாமாம். இருபது வருடம் தாமதம். கணக்குப் பாடம் படிக்கிற எனக்கே இந்த எண்ணைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது.

இனிதான் தலை வருகிறது. 1990-களின் நடுவில் அமெரிக்க முக அறுவைச் சிகிச்சை மருத்துவர்களிடம் ஒரு பக்கம் தட்டையான தலையோடு குழந்தைகள் திடீரென்று நிறைய வரத் தொடங்கினார்கள். 1996-ல் வட கரோலினாவிலிருந்து லூயிஸ் அர்ஜென்டா குழுவினரும், செயின்ட் லூயிஸிலிருந்து இன்னொரு குழுவும் இதை எழுதினார்கள். மல்லாக்கப் படுக்கச் சொன்னதுதான் காரணம் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. பிறந்த குழந்தையின் மண்டையோடு தனித்தனித் தகடுகள், நடுவே இணைப்புகள். பிறக்கும்போது 34, 35 செ.மீ. சுற்றளவுள்ள தலை ஆறு மாதத்தில் 43 ஆகிவிடுகிறது. அவ்வளவு வேகமாக வளர்கிற மெத்தென்ற பொருளை ஒரே பக்கமாகத் தரையில் வைத்தால் அந்தப் பக்கம் வளராது, மற்றப் பக்கம் வளரும். கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தால் குழந்தை எப்போதும் ஒரே திசையில்தான் பார்க்கும். அப்போது இன்னும் மோசம். பகலில் கார் இருக்கை, ஊஞ்சல் நாற்காலி என்று அதிலும் தலை சாய்ந்தே கிடக்கிறது.

இதற்கு வைத்த பெயர் பிளேஜியோசெபலி. கிரேக்கத்தில் கோணல் தலை என்று பொருள், அவ்வளவுதான். பெயரைக் கேட்டதும் அக்கா பாதி ராத்திரி அழுதிருக்கிறாள்.

ஆரம்பத்தில் குழப்பமும் இருந்தது. மண்டையோட்டு இணைப்பு ஒன்று முன்கூட்டியே ஒட்டிக்கொண்டாலும் தலை கோணலாகும். அது வேறு நோய், அரிதானது, அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது. இரண்டையும் பிரித்தறியாமல் வெறும் படுக்கைத் தட்டைக்கும் மண்டையைத் திறந்த கொடுமை சில குழந்தைகளுக்கு நடந்தது. பிறகுதான் அடையாளங்கள் தெளிவாயின. படுக்கையால் வந்த தட்டை என்றால், மேலிருந்து பார்த்தால் தலை ஒரு சாய்ந்த நாற்கரம் போல இருக்கும். தட்டையான பக்கத்துக் காது சற்று முன்னே தள்ளியிருக்கும். அக்கா அனுப்பிய படத்தில் காது அப்படித்தான் இருந்தது.

ஹெல்மெட்டின் கதையில் ஒரு வேடிக்கை. நோய் பெருகுவதற்கு முன்பே மருந்து தயாராக இருந்தது. சியாட்டிலில் ஸ்டெர்லிங் கிளாரன், டேவிட் ஸ்மித் ஆகியோர் 1979-லேயே ஹெல்மெட் சிகிச்சை பற்றி எழுதிவிட்டார்கள். தலையை அச்செடுத்து ஓடு செய்வார்கள். புடைத்த பக்கத்தில் ஓடு தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும், தட்டையான பக்கத்தில் இடைவெளி இருக்கும். தலை வளர வளர அந்த வெற்றிடத்தை நிரப்பும். அழுத்தி நெளிப்பது இல்லை, வளர்ச்சிக்கு வழி காட்டுவது. யோசனை அழகானதுதான். அப்போது அதற்கு வாடிக்கையாளர் குறைவு. 1992-க்குப் பிறகு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். 1998-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இவ்வகைக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு என்றார்கள்.

இங்கே என் வணிகவியல் மூளை கொஞ்சம் விழித்துக்கொண்டது. தலை வேகமாக வளர்கிற மாதங்களில் போட்டால்தான் பலன். அதாவது பெற்றோருக்கு யோசிக்க அவகாசம் கிடையாது. 'சலுகை ஆடி மாதம் மட்டும்' என்று துணிக்கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். குழந்தையின் தலை விஷயத்தில் யார் சிரிப்பார்கள்? அதே சமயம் இது விற்பனைத் தந்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. முதல் ஆறு மாதத்தில் எட்டு ஒன்பது செ.மீ. கூடுகிற தலை அடுத்த ஆறு மாதத்தில் மூன்று செ.மீ.தான் கூடுகிறது. அவசரம் நிஜம். விற்கிறவருக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

சரி, ஹெல்மெட் வேலை செய்கிறதா? போட்ட குழந்தைகளுக்குத் தலை சீராகிறது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். போடாதவர்களுக்கும் சீராகிறதே! நியூசிலாந்தில் 2004-ல் வந்த ஆய்வில் நான்கு மாதக் குழந்தைகளில் 19.7 விழுக்காட்டினருக்குத் தட்டை இருந்தது. இரண்டு வயதில் அது 3.3 ஆகிவிட்டது. கனடாவின் கால்கரியில் 2013-ல் வந்த ஆய்வோ ஏழு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தைகளில் 46.6 விழுக்காடு என்றது. ஆனால் பெரும்பாலும் லேசானவை.

நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2014-ல் வெளியான ஆய்வு அது. ஐந்தாறு மாதக் குழந்தைகள் 84 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் அளந்தார்கள். முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் அணியில் 25.6 விழுக்காடு, வெறுந்தலை அணியில் 22.5. சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஆனால் ஹெல்மெட் போட்ட எல்லாப் பெற்றோரும் ஏதாவது ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். தோல் சிவந்து போவது, வியர்வை, நாற்றம். முக்கால்வாசிப் பேர் சொன்ன குறைதான் எனக்கு மறக்கவில்லை. குழந்தையை நன்றாகக் கட்டி அணைக்க முடியவில்லையாம்.

அந்த ஆய்வுக்கும் மறுப்பு உண்டு. மிக மோசமான கோணல் உள்ளவர்களையும் கழுத்துச் சுளுக்கு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. பல குழந்தைகளுக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தவில்லை என்று தயாரிப்பாளர் தரப்பு வாதிட்டது. எனக்கு இன்னொரு எண்தான் முக்கியமாகப் பட்டது. தகுதியான 403 குழந்தைகளின் பெற்றோரில் நூற்றுக்கு 21 பேர்தான் குலுக்கலுக்குச் சம்மதித்தார்கள். மற்றவர்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். பிள்ளையின் தலையைக் குலுக்கல் சீட்டுக்கு விட யாருக்கு மனம் வரும்? அதே நேரம், அந்த 84 வீட்டார் விட்டிராவிட்டால் நமக்கு இந்த விடையே கிடைத்திருக்காது.

2016-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் நடுவழியில் நின்றது. முதலில் படுக்கை நிலையை மாற்றுவது, உடற்பயிற்சிச் சிகிச்சை. அதற்கும் மசியாத நடுத்தர, கடுமையான கோணலுக்கு ஹெல்மெட். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை பொதுவாக ஹெல்மெட்டைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே தலை, கடல் தாண்டினால் வேறு தீர்ப்பு!

ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். "கடுகுத் தலையணை போட்டா எல்லாம் உருண்டுவரும்" என்றாள். பாவம், அவள் காலத்து வைத்தியம் அது. தலையை உருண்டையாக்கும் தலையணைகள் மூச்சடைப்புக்கு வழி வைக்கலாம், பயன்படுத்தாதீர்கள் என்று எஃப்.டி.ஏ. 2022-ல் எச்சரித்திருப்பதைச் சொன்னதும், "அப்ப ஒங்கள எல்லாம் நான் எப்படி வளத்தேன்?" என்று கோபித்துக்கொண்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை :-)

அக்கா இப்போதைக்கு ஹெல்மெட் வாங்கவில்லை. பையனுக்குக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கண்டுபிடித்திருக்கிறார். தினமும் நான்கு வேளை கழுத்துப் பயிற்சி. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, குப்புறப் போடுகிறாள். தூங்கும்போது மல்லாக்கத்தான், அதில் மாற்றமில்லை. தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிவிட்டாள், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க அவன் இடப்பக்கம் திரும்புவான் என்று. ஆறு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள், அன்றைக்கு முடிவு செய்வதாக டாக்டரிடம் பேசியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் மேலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். நேற்று வந்த படத்தையும் முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காது கொஞ்சம் பின்னுக்கு வந்த மாதிரி இருக்கிறது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அப்படியேதான் இருக்கு என்கிறாள்.