கல்லறைத் தோட்டத்தின் சட்டம்: தற்கொலை குறித்துத் திருச்சபை கடந்து வந்த வழி

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் உண்டா என்ற கேள்விக்குத் திருச்சபை ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ‘இல்லை’ என்றே பதில் சொல்லி வந்தது. அவருக்கு மீட்பு உண்டா என்ற கேள்விக்கு அது அப்படி அறுதியிட்டுப் பதில் சொன்னதில்லை. எத்தனையோ பேரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவிக்கவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் கதவு மூடியதைப் பார்த்த மக்கள், மோட்சத்தின் கதவும் மூடிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஓசூர்ப் பகுதியின் பழைய மரபு

உயிரைத் தானே முடித்துக்கொள்வது எல்லாக் காலத்திலும் பழிக்கப்பட்டதல்ல. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைச் சங்க இலக்கியம் போற்றுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி ஊர்களை உள்ளடக்கிய இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலம். அவற்றில் தன்னைத்தானே பலி கொடுத்தவர்களுக்கான நவகண்டக் கற்களும், உடன்கட்டை ஏறியவர்களுக்கான சதிக்கற்களும் உண்டு. அதே ஊர்களில் துர்மரணம் அடைந்தவரின் ஆவி அலையும் என்ற அச்சமும் இருந்தது.

1649இல் லியோனார்டோ சின்னாமி என்ற இயேசு சபைக் குரு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மறைப்பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் கத்தோலிக்கர் மைசூர் ஆயரின் கீழ் இருந்தனர்; 1930இல் சேலம் மறைமாவட்டத்துக்கும், 1997இல் தருமபுரி மறைமாவட்டத்துக்கும் மாறினர். ஆயர் மாறியதால் அடக்கச் சட்டம் மாறவில்லை. அதன் வேர் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது.

வேதாகமமும் ஆதிச் சபையும்

தற்கொலையைப் பெயர் சொல்லித் தடுக்கும் வசனம் வேதாகமத்தில் இல்லை. சவுல் அரசனின் முடிவைக் கண்டனம் சேர்க்காமலே அது சொல்லிச் செல்கிறது. தாவீதைக் கைவிட்டு அப்சலோமோடு சேர்ந்த ஆலோசகன் அகித்தோப்பேல், உயிரை மாய்த்துக்கொண்ட பிறகும் தன் தகப்பனின் கல்லறையிலேயே வைக்கப்பட்டான். எதிரிகளோடு தானும் மடிந்த சிம்சோனை எபிரெயருக்கு எழுதின நிருபம் விசுவாச வீரர்களின் வரிசையில் சேர்க்கிறது.

கிறிஸ்தவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்த உருவம் யூதாஸ். பேதுருவும் ஆண்டவரை மறுதலித்தவன்தான். அவன் அழுது திரும்பினான், யூதாஸ் மன்னிப்பே கிடைக்காது என்று முடிவு கட்டினான் என்று பிரசங்கிகள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். தவக்காலத்தில் தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் நடக்கும் பாஸ்கா நாடகங்களில் யூதாஸின் கலக்கமும் முடிவும் முக்கியமான காட்சி. காட்டிக்கொடுத்ததைவிட, கடவுளின் இரக்கத்தில் அவநம்பிக்கை கொண்டதே அவன் செய்த பெரிய பாவம் என்பது அதன் பாடம்.

தற்கொலை பாவம் என்ற போதனைக்கு முறையான இறையியல் வடிவம் கொடுத்தவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களைப் புகழும் வழக்கத்துக்கு ‘கடவுளின் நகரம்’ நூலின் முதல் பாகத்தில் அவர் மறுப்பு எழுதினார். மனம் இசையாதபோது அந்தப் பெண்கள்மீது குற்றமே இல்லை. குற்றமில்லாதவள் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் வாதம். கொலை செய்யாதே என்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்றார். வட ஆப்பிரிக்காவில் மறைசாட்சியாவதற்காக வலியச் சாவைத் தேடிப்போன ஒரு கூட்டமும் அவர் கண்முன் இருந்தது.

பிறகு சட்டம் வந்தது. 561இல் போர்த்துகல் நாட்டுப் பிராகா நகரில் கூடிய சங்கம், தற்கொலை செய்தவர்களைப் பலிபூசையில் நினைவுகூரக் கூடாது, சங்கீதம் பாடி அடக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விதித்தது. 693இல் தொலேதோ சங்கம், முயன்று பிழைத்தவர்களை இரண்டு மாதம் சபைக்கு வெளியே வைத்தது. ஆனால் இந்தச் சட்டங்களுக்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியப் பேராயர் திமொத்தேயு ஒரு விலக்கைச் சொல்லியிருந்தார். மனநிலை பிறழ்ந்து இறந்தவருக்காகக் காணிக்கை ஒப்புக்கொடுக்கலாம். ஆனால் உறவினர்கள் இதைச் சாக்காகச் சொல்வதுண்டு என்பதால் குரு நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மனஸ்தாபத்துக்கு நேரம் உண்டா?

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மூன்று காரணங்களால் தற்கொலையைப் பாவம் என்றார்: அது தன்மீது இயல்பாக உள்ள அன்புக்கு மாறானது, சமூகத்துக்கு இழைக்கும் அநீதி, உயிரைக் கொடுத்த கடவுளின் உரிமையில் கைவைப்பது. மனம் திரும்ப அவகாசம் இல்லை என்பதால் இது மிக ஆபத்தானது என்றும் சேர்த்தார். மன்னிப்பு பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே நடந்தது.

தமிழ்க் கத்தோலிக்கர் இதை ஞானோபதேசப் பாடமாகவே அறிந்திருந்தார்கள். சாவான பாவத்தோடு இறப்பவருக்கு நரகம்; பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, அவஸ்தைப் பூசுதல் பெற்று இறப்பது நல்ல மரணம். அந்த நல்ல மரணத்துக்காகவே சூசையப்பரை வேண்டினார்கள். இந்தக் கணக்கில் தற்கொலைக்கு இடமே இல்லை என்று தோன்றும். ஆனால் அதே ஞானோபதேசம், குரு இல்லாத இடத்தில் கடவுள்மேல் உள்ள அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம், அதாவது பாவத்துக்கான மனவருத்தம், சாவான பாவத்தையும் போக்கும் என்று கற்பித்தது. அந்த மனஸ்தாபத்துக்கு ஒரு கணம் போதும். பாலத்திலிருந்து குதித்து இறந்த ஒருவரின் மனைவியிடம், விழுந்த அந்தக் கணத்திலேயே அவர் மனஸ்தாபப்பட்டார் என்று ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குரு ஜான் வியான்னி ஆறுதல் சொன்னதாகக் கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

புரொட்டஸ்டண்ட் சபைகள் வேறு வழியில் போயின. மீட்பு விசுவாசத்தால் மட்டுமே என்றால், கடைசிச் செயல் ஒன்று அதை அழித்துவிட முடியுமா? தற்கொலை செய்தவர்கள் கட்டாயம் நரகத்துக்குப் போவார்கள் என்று தாம் நினைக்கவில்லை என்றார் மார்ட்டின் லூதர். காட்டில் கள்வரிடம் அகப்பட்டுக் கொலையுண்டவனைப் போல, அவர்கள் பிசாசின் பலத்துக்கு இரையானவர்கள் என்பது அவர் கருத்து. இதை ஊரறியச் சொன்னால் பிசாசுக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்றும் அஞ்சினார். ஆகவே அடக்கத்தில் கண்டிப்பு அங்கேயும் தொடர்ந்தது.

ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர், சபைநீக்கம் செய்யப்பட்டவர், தம்மேல் தாமே கைவைத்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் அடக்க ஆராதனை இல்லை என்றது. இங்கிலாந்தில் தற்கொலை செய்தவரை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823இல்தான் சட்டத்தால் நின்றது. அதன்பிறகும் 1882 வரை இரவு 9 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே, சடங்கின்றியே புதைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்டின் ஆட்சியில் 1860இல் எழுந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சியைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

பங்குக்குருவின் முடிவு

கத்தோலிக்கருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பழைய விதிகளை ஒழுங்குபடுத்தியது. வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர், சாவதற்கு முன் மனஸ்தாபத்தின் அடையாளம் எதையும் காட்டாதிருந்தால், அவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது 1240ஆம் விதி. அடக்கப் பூசையும் ஆண்டு நினைவுப் பூசையும் கிடையாது. மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால், இப்படிப்பட்டவர்களுக்கென்று வேலியடைத்த தனி இடம் இருக்க வேண்டும் என்றது 1212ஆம் விதி. ஊர்க் கண்ணுக்கு இதுவே தீர்ப்பு: குருவானவர் வரவில்லை, பெட்டி கோயிலுக்குள் போகவில்லை, தாய் தகப்பன் பக்கத்தில் குழி கிடைக்கவில்லை.

அதே சட்டத்தில் ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனையும் இருந்தது. சந்தேகம் எழுந்தால், நேரமிருக்கும்போது ஆயரைக் கேட்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் இடறல் வராத வகையில் அடக்கம் கொடுக்க வேண்டும். 1930க்குப் பிறகு ஜவளகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கரின் ஆயர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சேலத்தில் இருந்தார். பிணத்தை நெடுநேரம் வைத்திருக்க முடியாத நாட்டில், முடிவு பெரும்பாலும் பங்குக்குருவின் கையில்தான் இருந்திருக்கும். கடைசி நாள்களில் இறந்தவர் எப்படி இருந்தார், தூக்கம் கெட்டிருந்ததா, கடைசி மூச்சில் சேசுவின் பெயரைச் சொன்னாரா என்ற விசாரணைகள் எல்லாம் இந்த நிபந்தனையிலிருந்தே எழுபவை.

சட்டம் தளர்ந்தது

20ஆம் நூற்றாண்டில் மனநல மருத்துவம் வளர வளர, விதிவிலக்காக இருந்தது பொதுநிலையாயிற்று. இலண்டனில் ஆங்கிலிக்கன் குரு சாட் வாரா, தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கத்தை நடத்தியதை மறக்காமல், 1953இல் மனமுடைந்தவர்கள் தொலைபேசியில் பேசுவதற்காகச் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அதேபோன்ற பணிக்காகச் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் ‘சிநேகா’வை நிறுவினார்.

1983ஆம் ஆண்டின் புதிய திருச்சபைச் சட்டத்தில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து தற்கொலை செய்தவர்கள் நீக்கப்பட்டார்கள். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தற்கொலை கடுமையான பாவம் என்பதை மாற்றவில்லை. ஆனால் கடும் மனநோய், வேதனை, அச்சம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றது. அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம், மனம்திரும்பும் வாய்ப்பைக் கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் கொடுக்க முடியும் என்றும் கற்பித்தது. இங்கிலாந்துத் திருச்சபை 2015இல் முடிவெடுத்துத் தன் தடையையும் நீக்கியது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, வேலை தேடிப் பல மாவட்டத்தார் ஓசூரில் குடியேறினார்கள். அவர்களோடு பல சபைகளும் வந்தன. அடக்கம் பற்றிய பழைய சண்டை அடங்கினாலும் மீட்பு பற்றிய வேறுபாடு சபைகளிடையே நிற்கிறது. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புவதால், இறந்தவருக்காகப் பூசைக் கருத்து கொடுக்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மற்றக் கல்லறைகளோடு தற்கொலை செய்தவரின் கல்லறையும் மந்திரிக்கப்படுகிறது. இறந்தவருக்காக ஜெபிக்காத புரொட்டஸ்டண்ட் சபைகளில் அடக்க ஆராதனை குடும்பத்தாரைத் தேற்றவே நடக்கிறது. மரணமும் ஜீவனும் கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்காது என்ற பவுலின் வாக்கைப் பலர் பற்றிக்கொள்கிறார்கள்; சரீரமே தேவனுடைய ஆலயம், அதைக் கெடுப்பவனுக்குக் கேடு என்ற அவருடைய இன்னொரு வாக்கைச் சில பெந்தெகொஸ்தே போதகர்கள் முன்வைக்கிறார்கள்.

திருச்சபைச் சட்டத்தைப் போலவே நாட்டுச் சட்டமும் தளர்ந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவரைத் தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காக முயல்வது மட்டும் குற்றமாக நீடிக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. திருச்சபைச் சட்டத்தில் பழைய கண்டிப்பின் எச்சமாக இருப்பது ஒன்று: தற்கொலைக்கு முயன்றவர் குருப்பட்டம் பெற வேண்டுமானால் இன்றும் தனி விலக்கு பெற்றாக வேண்டும்.