வியன்னாவின் இரண்டு விடுதிகள்

ஓட்டிசம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஹான்ஸ் அஸ்பேர்கர் என்ற வைத்தியரின் பெயர் எப்படியும் வந்துவிடும். அவருடைய விடுதியில் வேலை செய்த விக்ரோரின் சாக் என்ற தாதியைப் பற்றி எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறம்?

வியன்னாப் பல்கலைக்கழகச் சிறுவர் வைத்தியசாலையில் 1911இல் எர்வின் லாசர் என்ற வைத்தியர் அந்த விடுதியைத் தொடங்கினார். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சமாளிக்க ஏலாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் அங்கே வந்தார்கள். ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிடுது, எதற்குக் கோபப்படுது, யாரோடு விளையாடுது என்பதை முழுநாளும் கூட இருக்கிற தாதிதான் அறிவார். பேச்சுப் பயிற்சி, நாடகம், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த நாளாந்த ஒழுங்கை அங்கே அமைத்தவர் சாக். 1928இல் இந்த வேலையைப் பற்றி அவர் கட்டுரையும் எழுதினார். 1944இல் குண்டுவீச்சில் விடுதி அழிந்தபோது அவரும் இறந்துபோனார்.

அதே நகரத்தில் இன்னொரு இடமும் இருந்தது. பெயர் ஸ்பீகல்குறுண்ட். உடல், உளக் குறைபாடு உள்ளவர்கள் நாட்டுக்குச் சுமை என்பது நாசிகளின் கொள்கை. 1940 தொடக்கம் 1945 வரை அங்கே 789 பிள்ளைகள் இறந்தார்கள். பலருக்கு லுமினல் என்ற தூக்க மருந்தை உணவில் கலந்து கொடுத்தார்கள். உடல் தளர்ந்து, சுவாசம் பாதிக்கப்பட்டு பிள்ளை இறக்கும். பதிவேட்டில் நியூமோனியா என்று எழுதப்படும்.

கொல்வதற்கு முடிவெடுத்தது வைத்தியர்கள். ஆனால் மருந்து பிள்ளையின் வாய்க்குப் போனது தாதியரின் கையால். அங்கு தாதியாக இருந்த அன்னா கட்சென்காவுக்கு 1948இல் நீதிமன்றம் 8 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. மேலிடத்து உத்தரவு அவரைக் காப்பாற்றவில்லை.

இதை நல்ல தாதி, கெட்ட தாதி என்று இரண்டாகப் பிரித்துவிட்டுப் போகவும் ஏலாது. அஸ்பேர்கரின் விடுதியிலிருந்தும் ஸ்பீகல்குறுண்டுக்குப் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். அதற்கான ஆவணங்களை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் விரிவாக வெளியிட்டார். ஒரு பிள்ளையை விளங்கிக்கொள்ள எழுதிய குறிப்பே, அந்தப் பிள்ளை எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கவும் உதவக்கூடியது.

இரண்டு விடுதிகளிலும் தாதியின் வேலை ஒன்றுதான்: சாப்பாடு கொடுப்பது, மருந்து கொடுப்பது, கவனித்துக் குறிப்பது. மருத்துவ வரலாறு வைத்தியர்களின் பெயர்களால்தான் எழுதப்படுது. அதால தாதியரின் உழைப்பும் தெரிவதில்லை, அவர்களின் பொறுப்பும் தெரிவதில்லை. இப்படியான வரலாறுகளை வாசிக்கும்போது, கரண்டியை யார் பிடித்திருந்தார்கள் என்றும் நாங்கள் கேட்கவேணும்.