தள்ளாடுறவங்க எல்லாம் குடிச்சவங்க இல்ல: சிறுமூளையின் கதை

எலவனாசூர்கோட்டை பஸ் ஸ்டாப்பில் காலை ஏழு மணிக்கு ஒருத்தர் காலை அகட்டி வச்சு, தடுமாறி நடந்து வர்றார்னு வச்சுக்கோங்க. பேச்சும் குழறுது. டீக்கடையில் நிக்கிறவங்க என்ன சொல்வாங்க? "காலையிலேயே ஏத்திட்டாரு." 2024 ஜூனில் விஷச்சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல பலிகொடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வேற எதுவும் சட்டுனு தோணாது. ஆனா அவர் ஒரு சொட்டுகூட தொடாதவரா இருக்கலாம். கெட்டுப்போனது அவரோட சிறுமூளையா இருக்கலாம்.

பின்மண்டையில், கழுத்துக்குச் சற்று மேலே இருக்கு சிறுமூளை. மூளையோட எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனா 2009-ல் பிரேசில் விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்தப்போ, மொத்தம் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இங்கதான் இருந்துச்சு. "சிறு"ங்கிற பேரு நம்மள நல்லாவே ஏமாத்துது.

இது என்ன வேலை செய்யுதுன்னு முதலில் தெளிவாக் காட்டினவர் பிரான்ஸ் நாட்டு ஃப்ளூரன்ஸ். 1824-ல் வெளிவந்த அவரோட சோதனைகளில் புறாக்களின் சிறுமூளையை அடுக்கடுக்கா வெட்டி எடுத்தார். கொடூரம்தான். அந்தப் புறாக்களுக்குப் பார்வை இருந்தது, கேட்டது, சிறகும் காலும் அசைஞ்சது. பக்கவாதம் இல்லை. ஆனா அந்த அசைவுகள் ஒண்ணா சேரவே இல்லை. பறக்க நினைச்சும் பறக்க முடியலை. அசைவுக்கு உத்தரவு போடறது வேற ஒரு இடம், அதைச் சரியா ஒருங்கிணைக்கிறது சிறுமூளைன்னு அவர் சொன்னார்.

மனுஷங்களில் இதைப் பார்க்க ஒரு உலகப்போர் வேண்டியிருந்தது. கார்டன் ஹோம்ஸ், அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தோட நரம்பியல் டாக்டர். பிரான்ஸ் போர்முனையில் பின்மண்டையில் குண்டடி பட்ட இளம் சிப்பாய்கள் அவர்கிட்ட வந்துக்கிட்டே இருந்தாங்க. பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்க. பலருக்குக் காயம் சிறுமூளையின் ஒரு பக்கத்தில் மட்டும். ஒரே ஆளோட கெட்ட கையையும் நல்ல கையையும் பக்கத்துப் பக்கத்தில் வச்சு ஒப்பிட முடிஞ்சது. மூக்கைத் தொடச் சொன்னா விரல் தாண்டிப் போயிடும், இல்ல முன்னாடியே நின்னுடும். உள்ளங்கையை மாத்தி மாத்தித் திருப்பச் சொன்னா தாளம் தப்பும். காயம்பட்ட ஒருத்தர் சொன்னதை அவர் பதிவு பண்ணியிருக்கார்: ஒரு கை தானா வேலை செய்யுது, இன்னொரு கைக்கு ஒவ்வொரு அசைவையும் யோசிச்சு யோசிச்சு சொல்ல வேண்டியிருக்கு. 1917-ல் ஹோம்ஸ் எழுதின அந்தக் கட்டுரைக்குப் பிறகு நூறு வருஷம் தாண்டியாச்சு. இன்னைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் "என் விரலைத் தொடுங்க, உங்க மூக்கைத் தொடுங்க"ன்னு சொல்றது இதே வகைச் சோதனைதான். ஸ்கேன் மெஷின் வேண்டாம்.

கோடிங் எழுதற எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் அடுத்தது. சிறுமூளையின் பர்கிஞ்சி செல் ஒவ்வொண்ணுக்கும் லட்சத்துக்கு மேல சின்னச் சின்ன இணைப்புகள் வரும். அதுபோக, ஏறிச் சுத்திக்கிற ஒரே ஒரு நார். 1969-ல் டேவிட் மார், 1971-ல் நாசா இன்ஜினியர் ஜேம்ஸ் அல்பஸ், ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே மாதிரி யோசிச்சாங்க: அந்த ஒத்தை நார்தான் வாத்தியார். அல்பஸ் சொன்ன மாதிரி, தப்பு நடந்தா "இது தப்பு"ன்னு அது சிக்னல் அனுப்பும், தப்புக்குக் காரணமான இணைப்புகள் பலவீனமாகும். 1980-களில் ஜப்பானின் மசாவோ இட்டோ இணைப்பு பலவீனமாகறதை சோதனையிலேயே காட்டினார். எரர் சிக்னல் வச்சுக் கத்துக்கிற மெஷின், நம்ம தலைக்குப் பின்னாடி. பைக் ஓட்டறது யோசிக்காம வர்றது இதனாலதான்.

இப்போ குடிக்கு வருவோம். சாராயம் சிறுமூளையை உடனே மந்தமாக்குது, அதான் தள்ளாட்டம். போலீஸ் கோட்டு மேல நடக்கச் சொல்றாங்கன்னா அது சிறுமூளைப் பரிசோதனைதான். பல வருஷக் குடியும் வைட்டமின் பி1 குறைவும் சேர்ந்தா சிறுமூளையின் நடுப்பகுதியே தேஞ்சுபோகும், கைகளைவிட கால்கள் அதிகம் பாதிக்கும். விஷச்சாராயத்து மெத்தனால் வேற மாதிரி. அது உடம்பில் ஃபார்மிக் அமிலமா மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும்.

ஆனா குடிக்கே சம்பந்தமில்லாத தள்ளாட்டம் பரம்பரையா வரும். எஸ்சிஏ1-னு ஒரு நோய். அதோட மரபணுவை 1993-ல் அமெரிக்காவில் ஹூடா சோக்பியும் ஹாரி ஆரும் கண்டுபிடிச்சாங்க. டிஎன்ஏ-வில் மூணு எழுத்துத் துண்டு ஒண்ணு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும், அதனால பர்கிஞ்சி செல்கள் மெல்ல மெல்லச் சாகும். 2005-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில், ஒரு தமிழ்ச் சமூகத்தில் இது ரொம்ப அதிகமா இருக்குன்னு ஒரு ஆய்வு வந்தது. எந்தச் சமூகம்னு நான் இங்க சொல்லப்போறதில்லை. கல்யாணப் பேச்சில் அந்தத் தகவல் எப்படிப் பயன்படும்னு நமக்குத் தெரியும். "சொந்தத்துல கட்டினதால வந்தது"ன்னு சொல்வாங்க, அதுவும் சரியில்ல. அப்பா, அம்மா ரெண்டு பேரில் ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

பெரும்பாலும் முப்பது, நாற்பது வயசில் ஆரம்பிக்கும். முதலில் படிக்கட்டில் தடுமாற்றம், அப்புறம் கையெழுத்து, அப்புறம் பேச்சு. குணப்படுத்த மருந்து இன்னும் இல்லை, பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் உதவும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் நோய் இருக்கா, வருமான்னு தெரிஞ்சிடும். அப்பாவுக்கு இருக்கு, 25 வயசுப் பொண்ணு இன்னைக்கு நல்லா ஓடியாடுறா. அவ அந்த ரத்தத்தைக் கொடுக்கணுமா? அதை டாக்டரோ குடும்பமோ முடிவு பண்ணக் கூடாது, அவதான் பண்ணணும். அதனாலதான் ஊசி போடுறதுக்கு முன்னாடி மரபணு ஆலோசனைன்னு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. அறிகுறி இல்லாத 18 வயசுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு, வீட்டில் கேட்டாலும், பொதுவா இந்தப் பரிசோதனையைச் செய்யறதில்லை.