பொம்மை ரயிலின் சக்கரம்: உலோகமா, பிளாஸ்டிக்கா?

பொம்மை ரயில் பெட்டிக்கு உலோகச் சக்கரம் நல்லதா, பிளாஸ்டிக் சக்கரம் நல்லதா? கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பெரிய கம்பெனி கைமாறிய கதையும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால், 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய பொம்மை ரயிலைக் காட்சிக்கு வைத்தது. அந்தக் காலத்து வண்டிகள் தகரத்தால் ஆனவை. சக்கரமும் உலோகம்தான். சாவி கொடுத்தால் ஓடும் வண்டிக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை மின்சாரத்தோடு வந்தது. ஒரு தண்டவாளத்தில் மின்சாரம் வந்து மற்றொன்றில் திரும்ப வேண்டுமானால், இரண்டையும் நடுவில் எதுவும் இணைக்கக் கூடாது. உலோகச் சக்கரங்களும் உலோக அச்சும் சேர்ந்தால் அதுவே பாலமாகிவிடும். உடனே ஷார்ட் சர்க்யூட்! இதைத் தவிர்க்க நடுவில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டார்கள். மின்சாரம் நடுவில் வரும், ஓரத் தண்டவாளங்கள் இரண்டிலும் திரும்பும். சக்கரம் உலோகமாக இருந்தாலும் கவலையில்லை.

லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1938-ல் கொண்டுவந்த 'ஹார்ன்பி டப்ளோ' ரயில்கள் இந்த முறையில்தான் ஓடின. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். கனமான வார்ப்பு உலோக எஞ்சின்கள். தரத்துக்குப் பெயர் பெற்றவை, விலையும் அதற்கேற்ப.

போருக்குப் பிறகு போட்டி வந்தது. ரோவெக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1950 கிறிஸ்துமசுக்கு ஒரு பிளாஸ்டிக் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் அதை வாங்கி, 'ட்ரை-ஆங்' என்ற பெயரில் விற்றது. இரண்டே தண்டவாளம். பிளாஸ்டிக் சக்கரத்தில் மின்சாரம் பாயாது என்பதால் ஷார்ட் ஆகும் பயமே இல்லை. அச்சில் வார்த்து எடுப்பதால் செலவும் குறைவு.

மெக்கானோ 1959-ல்தான் இரண்டு தண்டவாள முறைக்கு மாறியது. பழைய வாடிக்கையாளர்களைக் கைவிட முடியாமல் இரண்டு வகையையும் தயாரிக்க வேண்டியதாயிற்று. முதலீடு இரட்டிப்பு, சரக்குத் தேக்கம் வேறு. கடைசியில் 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸே மெக்கானோவையும் வாங்கிவிட்டது. இதற்குச் சக்கரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தை மாறும்போது தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்படியானால் பிளாஸ்டிக் வென்றதா? முழுவதும் இல்லை. பிளாஸ்டிக் சக்கரம் எடை குறைந்தது. அதன் ஓரத்தில் அழுக்கு எளிதாக ஒட்டிக்கொள்ளும், தண்டவாளத்திலும் பரவும். எஞ்சினுக்கு மின்சாரம் சரியாகக் கிடைக்காமல் வண்டி திக்கித் திக்கி ஓடும். உலோகச் சக்கரம் அடிப்பகுதியில் எடை சேர்ப்பதால் பெட்டி நிலையாக ஓடும், தண்டவாள இணைப்புகளில் நிஜ ரயில் போலத் தடக் தடக் என்று சத்தமும் வரும். அதனால் தரமான பெட்டிகளில் உலோகச் சக்கரம் மறுபடி இடம் பிடித்தது.

ஆனால் இரண்டு தண்டவாளத்தில் அது ஷார்ட் ஆகாமல் ஓடுவது எப்படி? சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. சண்டை போட்ட இரண்டு பொருளும் கடைசியில் ஒரே அச்சில் சேர்ந்து ஓடுகின்றன!