'மட்டும்' என்ற ஒரு சொல்



மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளன் சேர்க்கலாமா? இலக்கிய அரங்குகளில் நாம் அடிக்கடி கேட்கும் வினா இது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே வினா மனிதனின் மீட்புப் பற்றிய பெரும் வழக்காகவே மாறியது. வழக்கிற்குக் காரணமான சொல் 'மட்டும்' என்பதாகும்.

கி.பி. 57ஆம் ஆண்டளவில் பவுலடியார் உரோமைக் கிறிஸ்தவர்களுக்குக் கிரேக்க மொழியில் ஒரு நிருபம் எழுதினார். முதற் கிறிஸ்தவர்கள் யூதர்களே. பின்னர் யூதரல்லாதோரும் வந்து சேர்ந்தபோது, விருத்தசேதனம், உணவு விலக்கு முதலிய மோசேயின் சட்டங்களை அவர்களும் கைக்கொள்ள வேண்டுமா என்ற பிணக்கு எழுந்தது. சட்டத்தின் கிரியைகளால் அன்றி, விசுவாசத்தினால் மனிதன் கடவுள் முன் நீதிமானாகிறான் என்பது பவுலின் விடை.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அந்த நிருபம் ஜேர்மன் துறவி மார்ட்டின் லூதரின் கைக்கு வந்தது. நோன்பு, கண்விழிப்பு, பாவசங்கீர்த்தனம் என எத்தனை செய்தும் மன அமைதி காணாதவர் அவர். கடவுளின் அருளைச் சம்பாதிக்க இயலாது, நம்பி ஏற்கவே இயலும் என்ற கருத்து அவருக்குப் புத்துயிர் அளித்தது. 1521இல் பேரரசரின் தண்டனைக்கு ஆளாகி வார்ட்பேர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, புதிய ஏற்பாட்டைச் சுமார் பதினொரு வாரங்களில் அவர் ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். 1522 செப்டெம்பரில் அது அச்சேறியது. அதிலே பவுலின் வாக்கியம் 'விசுவாசத்தினால் மட்டும்' என்றாகியிருந்தது.

கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லையே என்று எதிராளிகள் குற்றஞ்சாட்டினர். 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றிய ஒரு பகிரங்கக் கடிதத்தின் மூலம் லூதர் விடையிறுத்தார். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும்போது 'மட்டும்' என்று சேர்ப்பது ஜேர்மன் மொழியின் இயல்பு என்றார். வீட்டிலுள்ள தாயிடமும் தெருவிலுள்ள பிள்ளைகளிடமும் சந்தையிலுள்ள சாதாரண மனிதனிடமும் மொழியைக் கேட்டறிய வேண்டும் என்றார். பவுலின் கருத்தே அச்சொல்லைக் கோருகிறது என்பதும் அவர் வாதம். தமிழறிந்த நமக்கு இது புதிதன்று. பிரிநிலை ஏகாரம் செய்யும் வேலையும் இதுவே.

ஆயினும் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டின் மூலத்தில் ஓரிடத்தில் உண்டு. அது யாக்கோபின் நிருபத்தில், மறுப்பதற்காகவே வருகின்றது! செயலற்ற விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் கட்சி. லூதர் 1522 முன்னுரையில் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார்; பின்வந்த பதிப்புகளில் அந்த ஒப்புமை இடம்பெறவில்லை. நற்செயல் வேண்டாம் என்று அவரும் கூறவில்லை. நல்ல மரம் கனி தருவதுபோல, விசுவாசத்திலிருந்து நற்செயல் தானே பிறக்கும் என்றார்.

1547 ஜனவரியில் திரெந்துப் பொதுச்சங்கம், மனிதனின் ஒத்துழைப்பை விலக்கும் பொருளில் 'விசுவாசம் மட்டும்' என்பதைக் கண்டித்தது. அப்பிளவு நானூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. மனிதனை ஏற்பது இறையருளே, நற்செயல் அதன் கனியே என்பதில் இரு தரப்பும் உடன்பட்டன.

இதற்கிடையே, 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் இன்னொரு கதவையும் திறந்தார். பவுலின் காலத்து யூதர்கள் புண்ணியத்தைக் கூட்டிக் கடவுளின் அருளை விலைக்கு வாங்க முயன்றவர்களல்லர். அருளால் தம்மைத் தெரிந்துகொண்ட இறைவனுக்குச் செய்யும் மறுமொழியாகவே சட்டத்தைக் கைக்கொண்டனர் என்று அவர் காட்டினார். அவ்வாறாயின், லூதர் பவுலில் கண்டது பெரிதும் தம் காலத்துப் போராட்டத்தையே எனலாம்.

நேயர்களே, 'மட்டும்' என்று சேர்த்தவரின் அச்சம், மனிதன் தன் புண்ணியக் கணக்கைப் பார்த்து நம்பிக்கை இழந்துவிடுவான் என்பது. எதிர்த்தவர்களின் அச்சம், நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு அயலானின் பசியை மறந்துவிடுவான் என்பது. இரண்டும் நியாயமான அச்சங்களே. நானூற்றைம்பது ஆண்டுகள் பிரிந்திருந்தவர்கள் ஒரே மேசைக்கு வந்தது, ஒருவர் அச்சத்தை மற்றவர் செவிமடுத்த பின்னரே.