புத்தளக் கரையில் அபாயச் செய்தி

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கியபோது, புத்தளக் களப்பின் வாயிலைத் தம் கையில் வைத்துக்கொண்டு, கண்டி இராச்சியத்துக்குள் போகும் பண்டங்களையும் அங்கிருந்து வெளிவரும் பாக்கையும் தம் சம்மதமின்றி அசையாதபடி தடுப்பதே அவர்களுடைய பிரதான நோக்கமாயிருந்தது. அபாயம் என்பது அவர்களுக்குக் கடலின் விளிம்பில் தெரியும் அந்நியப் பாய். அதைக் கொத்தளத்தில் நிற்கும் காவற்காரன் கண்டு தன் தலைவனுக்குச் சொன்னால் காரியம் முடிந்தது. மதிலுக்கு வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த குடிஜனங்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற நினைவு அந்த ஏற்பாட்டில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. 1795 நவம்பரில் கோட்டை ஆங்கிலேயர் வசமான பின்பும் இந்த மனோபாவம் பெரிதாக மாறிவிடவில்லை.

ஆயினும் ஆங்கில அரசாங்கத்துக்கு இந்தக் கரையை அறிந்த ஒருவர் கிடைத்தார். 1807 இல் கற்பிட்டியில் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராயிருந்து, சட்ட நிரூபண சபையிலும் அங்கம் வகித்துப் பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாக அமர்ந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் வெளியிட்ட கசற்றியரில் இலங்கையின் ஊர்களையும் அவற்றின் ஜனங்களையும் அகரவரிசையில் எழுதிவைத்தார். எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத அதிகாரம் ஆபத்து வேளையில் எவரையும் காப்பாற்றுவது அரிது. அந்த வகையில் அவருடைய நூலை நிர்வாகத்தின் முதல் முன்னாயத்தங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். ஆனால் நூலில் உள்ள அறிவு ஊருக்குள் இறங்க வேண்டுமானால் ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலாக இருந்தவர்கள் பறையறைபவனும் விதானையாருமே. கொள்ளைநோயாயினும் வரியாயினும் அரசாங்கத்தின் வார்த்தை அவர்கள் வாயாலேயே தெருவுக்கு வந்தது. இரண்டும் ஒரே பறையில் வந்தபடியால் ஜனங்கள் இரண்டையும் ஒரேவிதமான சந்தேகத்தோடு கேட்டிருந்தால் அவர்களைக் குறைகூற முடியாது.

இதற்குப் பக்கத்திலேயே, யாரும் திட்டமிடாமல் வளர்ந்த வேறொரு ஏற்பாடு இருந்தது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஒரு ஜமாஅத் உண்டு; ஜமாஅத்துக்குச் சந்தாப் புத்தகம் உண்டு; எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் வறியவர், எவர் விதவை என்பது அதைப் பராமரிக்கும் நிர்வாகிகளுக்கு மனப்பாடம். சிலாபம் முதல் தலவில வரையுள்ள கத்தோலிக்கக் கரையூர்களில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் கோயில் மணியும் இதே வேலையைச் செய்தன. ஒலிபெருக்கி வந்த பிறகு பள்ளிவாசலின் குரல் இன்னும் தெளிவடைந்தது. ஒரு ஜனாஸா அறிவித்தலைக் கவனித்துக் கேட்டால் இதன் நேர்த்தி புலப்படும்: முஅத்தின் ஒலிவாங்கியை விரலால் இரண்டொரு தரம் தட்டுகிறார், இறந்தவரின் பெயர், தந்தையின் பெயர், இன்னாருடைய கணவர், இன்ன தெரு, நல்லடக்கம் இத்தனை மணிக்கு, இன்ன மையவாடியில் என்று நிதானமாகச் சொல்லி, அதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லி நிறுத்திவிடுகிறார். அதில் ஓர் அநாவசியச் சொல் கிடையாது. தினந்தோறும் சிறு காரியங்களுக்குப் பழகிய இந்தக் குரலை ஊர் சந்தேகிப்பதில்லை.

1976 பெப்ரவரி 2 ஆம் திகதி புத்தளத்தில் அத்தகைய ஒரு பள்ளிவாசலுக்குள்ளேயே பொலிஸார் சுட்டதில் ஏழு பேர் மாண்டார்கள். அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம் அது. அடைக்கலமும் அறிவித்தலும் தரும் இடமே தாக்கப்பட்டால் ஊர் யாரிடம் போய்க் கேட்கும் என்ற வினாவுக்கு அன்றைய அதிகாரிகளிடம் விடை இருக்கவில்லை. அந்தச் சம்பவத்தைப் பாராளுமன்றத்தில் பிரஸ்தாபித்துப் பேசியவராகத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வநாயகத்தையே புத்தளத்து முஸ்லிம்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இந்தக் கரையின் பெரிய பரீட்சை 1990 ஒக்டோபரில் வந்தது. வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சென்று, குடும்பத்துக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று கூறின. அங்கே கூடியவர்களுக்கு இரண்டு மணி நேரம் தவணை கொடுக்கப்பட்டது. காரணம் கூறப்படவில்லை, கேள்வி கேட்க இடமும் வைக்கப்படவில்லை. செய்தி அறிவிப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால் அதைவிடத் துரிதமாகவும் பிசகின்றியும் ஓர் உத்தரவைச் சேர்ப்பிப்பது கடினம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த ஒரு சமூகத்தைத் தமிழிலேயே துரத்தப் பிரயோகிக்கப்பட்ட அந்தத் திறமை நம் சரித்திரத்தில் நீங்காத களங்கம்.

மன்னார்த் தீவிலிருந்து புறப்பட்டவர்களில் மிகப் பலர் வள்ளங்களில் ஏறித் தெற்கு நோக்கிக் கற்பிட்டிக்கு வந்தார்கள். பருவமழை தொடங்கும் மாதம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் திறந்த வள்ளத்தில் நனைந்துகொண்டு வந்தார்கள். வழியில் உயிரிழந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தார் தரைவழியாக வவுனியாவை அடைந்து அங்கிருந்து வந்தார்கள். மொத்தத்தில் வெளியேற்றப்பட்ட 70,000 க்கு மேற்பட்டவர்களில் பெரும்பான்மையோர் இறுதியில் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். இத்தனை ஜனங்கள் வருவார்கள் என்று கச்சேரி எதிர்பார்த்திருக்கவில்லை, ஊரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஊரிடம் இருந்தவை சந்தாப் புத்தகமும், கந்தூரிக்குச் சமைத்துப் பழகிய கைகளும், பெரிய சட்டி கிடாரங்களுமே. அவற்றைக்கொண்டுதான் முதல் நாட்கள் கழிந்தன. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளில் சமைத்த சோறு பார்சலாகப் போயிற்று. தென்னந்தோட்டக்காரர்கள் நிலம் விட்டுக்கொடுத்தார்கள். கிடுகு வேய்ந்த கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அரசாங்கத்தின் உலர் உணவு நிவாரணமும் அதற்கான அட்டைகளும் பின்னரே ஒழுங்குக்கு வந்தன.

வந்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. முகாம்களில் அவர்கள் ஊர்வாரியாகவே கூடினார்கள். தத்தம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தை ஓலைக் கொட்டிலிலேயே மறுபடி அமைத்தார்கள். எருக்கலம்பிட்டியின் பாடசாலை நாகவில்லில் உயிர்பெற்றது. இப்படிச் செய்யாதிருந்தால் எவர் எந்த முகாமில் இருக்கிறார், எவர் இறந்தார், எவருக்குப் பிள்ளை பிறந்தது என்ற விவரங்களெல்லாம் சிதறிப்போயிருக்கும். அகதி அட்டை ஒருவருடைய இலக்கத்தைத்தான் சொன்னது. அவர் இன்னாருடைய மகன் என்று சொன்னது ஜமாஅத்.

முதல் வாரத்துத் தயாளம் முதல் வருஷத்துக்குப் போதவில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மணற்பாங்கான அந்தப் பிரதேசத்தில் கிணற்று நீர் அளவோடுதான் உண்டு. களப்பில் மீனும் அப்படியே. பாடசாலை இடம், தோட்டக் கூலி, அரசாங்க உத்தியோகம் ஆகிய ஒவ்வொன்றிலும் பழைய குடிகளுக்கும் புதியவர்களுக்கும் உரசல் தோன்றிற்று. இவர்கள் எத்தனை காலம் இங்கே இருப்பார்கள் என்று இரு தரப்புக்கும் உண்மையைச் சொல்ல வேண்டிய அரசாங்கங்கள், தற்காலிகம் தற்காலிகம் என்று சொல்லியே இருபது வருஷங்களை ஓட்டின. அந்த உரசலில் ஒரு பாதி வறுமையின் விளைவென்றால் மறு பாதி இந்த மௌனத்தின் விளைவு.

2019 இல் மௌனம் இன்னும் கொடிய விலை கேட்டது. ஜனவரியில் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிமருந்துகள் கண்டெடுக்கப்பட்டன. ஏப்ரல் 4 ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 11 ஆம் திகதி பொலிஸ் திணைக்களத்துக்குள் அது காகிதமாகச் சுற்றியது. 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மகா ஓயாவுக்குத் தெற்கே கட்டுவாப்பிட்டிக் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தவர்களுக்கு மாத்திரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நாட்டில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250 க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த வாரம் கொழும்புப் பேராயர் கோயில்களை மூடித் தம் இல்லச் சிற்றாலயத்திலிருந்து தொலைக்காட்சியில் பூசை ஒப்புக்கொடுத்தார். ஜம்இய்யத்துல் உலமா வெள்ளிக்கிழமைத் தொழுகையை வீட்டிலேயே நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டது. இரு தரப்பு ஜனங்களும் அதைச் செவிமடுத்தார்கள். ஆனால் மே 12 ஆம் திகதி சிலாபத்தில் ஒரு வியாபாரி முகநூலில் எழுதிய ஒற்றை வரி மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டுக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கம் ஊரடங்கை விதித்துச் சமூக வலைத்தளங்களை முடக்கிற்று. வதந்தியோடு உண்மைச் செய்தியும் சேர்ந்தே முடங்கிற்று. மறுநாள் கொட்டாரமுல்லயில் ஒரு தச்சர் கொல்லப்பட்டார்.

2023 ஜனவரி 12 ஆம் திகதி உச்ச நீதிமன்றம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிக் கிடைத்த எச்சரிக்கையின்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக, அப்போது பதவியிலிருந்த முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்ற ஆவணங்கள் பத்திரமாக இருக்கும். பள்ளிவாசல்களின் 1990 ஆம் ஆண்டுச் சந்தாப் புத்தகங்களும், முகாம் நிர்வாக சபைகளின் கூட்டக் குறிப்புகளும், கரையோரப் பங்குகளின் பதிவேடுகளும் அப்படி அல்ல. உப்புக் காற்றும் கறையானும் அவற்றை ஆண்டுதோறும் தின்கின்றன. அன்று கிடாரத்தின் முன் நின்றவர்களுக்கும் வயதாகிவிட்டது. புத்தளத்து வாசகர்கள் தத்தம் ஊர் நிர்வாகிகளிடம் சென்று, அந்த ஏடுகளைப் பிரதி எடுத்து வைக்கவும் அந்த முதியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யவும் இந்த வருஷமே ஏற்பாடு செய்ய வேண்டும்.