கோட்டையான கோயில்கள்: வட தொண்டை மண்டலம்

கோட்டையான கோயில்கள் என்பவை வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் படைகளின் அரணாகவும் பயன்பட்ட கருங்கல் மதில் கோயில்கள். தமிழகத்தில் திருவரங்கம், சிதம்பரம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் பெருங்கோயில்கள் 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் இப்படிப் பயன்பட்டன. திருத்தணியைச் சுற்றியுள்ள வட தொண்டை மண்டலத்தில் இதற்கு இரண்டு மாதிரிகள் எஞ்சியுள்ளன. ஒன்று, கோட்டையாக்கப்பட்ட கோயிலான காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில். மற்றொன்று, கோட்டைக்குள் அகப்பட்ட கோயிலான வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில்.

தொடக்கக் காலக் கற்கோயில்களில் அரண் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. திருத்தணியில் நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயில் அபராஜித பல்லவன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பவரால் கட்டப்பட்டது. யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை கொண்ட இந்தச் சிறு கற்றளியை மறைக்கப் பெரிய மதில் தேவைப்படவில்லை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குச் சுற்றுமதில் உண்டு. ஆனால் அதன் உட்புறம் முழுவதும் வரிசையாகச் சிறு சன்னிதிகள். அதைத் தடுப்புச் சுவர் என்பதைவிடச் சன்னிதிகளின் தொடர் என்பதே பொருத்தம்.

சோழர் காலத்திலும் விஜயநகர காலத்திலும் நிலைமை மாறியது. கோயில்கள் நிலம், நெல், பொன், நகை எல்லாம் சேர்த்து வைக்கும் இடங்களாயின. பிராகாரத்துக்கு வெளியே பிராகாரமாகச் சுற்றுகள் பெருகின. ஒவ்வொரு சுற்றுக்கும் உயர்ந்த மதிலும் கோபுரவாசலும் அமைந்தன. கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டிய ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரம் 192 அடி உயரம். கோயிலின் பெருமையைக் காட்டவே கட்டப்பட்டாலும், அதன் உச்சியில் ஒரு காவலாளி நின்றால் சமவெளியில் எழும் புழுதியைத் தொலைவிலேயே கண்டுவிடலாம். உள்ளே குளமும் கிணறும் இருந்தன. நெல் சேர்த்து வைக்கக் களஞ்சியமும், படை தங்க மண்டபங்களும் இருந்தன. முற்றுகைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இப்படித் தானாகவே சேர்ந்திருந்தது.

இல்லாதவையும் பல. முறையான கோட்டையில் மதிலிலிருந்து கொத்தளங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மதிலடிக்கு வரும் பகைவனை அவற்றிலிருந்து பக்கவாட்டில் சுடலாம். கோயில் மதிலோ நேர்கோடாக ஓடி மூலையில் திரும்பும். அதன் அடியில் ஒண்டியவனை மேலிருந்து எட்டிப் பார்த்துச் சுட்டால்தான் உண்டு. கோபுரத்தின் அடித்தளம் கருங்கல்லானாலும் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையுமே. வில்லும் ஈட்டியும் ஆண்ட காலத்தில் இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியவில்லை. முற்றுகைப் பீரங்கி வந்தபின் எல்லாம் வெளிப்பட்டன.

இதைக் காஞ்சிபுரம் 1751இல் கண்டது. அவ்வாண்டு ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ், அந்த முற்றுகையை நடத்திய ராஜா சாகிப்பின் படையை ஆரணியில் வென்றபின் காஞ்சிக்குத் திரும்பினார். பெரிய கோயிலுக்குள் பிரெஞ்சுக் காவற்படை ஒன்று இருந்தது. தாக்கினால் தம்மிடம் சிறைப்பட்டிருந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளை மதில்மேல் நிறுத்துவோம் என்று அதன் தலைவர் மிரட்டினார். சென்னையிலிருந்து கனரகப் பீரங்கிகள் வந்து சேர்ந்தன. சுமார் மூன்று நாள் அடியில் மதில் உடைந்தது. காவற்படை இரவோடு இரவாக வெளியேறியது. கோயிலில் செய்திருந்த தற்காப்பு ஏற்பாடுகளைக் கிளைவ் அழித்துவிட்டுப் போனார். அடுத்த சில வாரங்களிலேயே எதிரிகள் மீண்டும் அங்கே படை வைத்தார்கள். 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கம் போருக்குச் செல்லும் வழியில் கிளைவ் அந்தக் கோயிலை மறுபடி கைப்பற்ற வேண்டியிருந்தது. 1757இல் பிரெஞ்சுப் படை வந்தபோது உள்ளே இருந்தவர்கள் கம்பெனியின் சிப்பாய்கள். கோயிலைப் பிடிக்க முடியாத பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பீரங்கியால் அடித்தால் மதில் விழும், அடிக்க நேரமோ கருவியோ இல்லாவிட்டால் நிற்கும் என்பதே இந்தச் சம்பவங்கள் காட்டும் கணக்கு.

மைசூரின் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் இந்தப் பகுதி முழுவதும் போர்க்களமானது. 1780 ஆகஸ்டில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் தடுத்து நிறுத்தியது. திருத்தணியின் நந்தியாறு கலப்பதும் அந்த ஆற்றில்தான். ஆற்றைக் கடந்த படையை ஹைதரின் மகன் திப்பு செப்டம்பர் 6இல் பேரம்பாக்கத்தில் மறித்தார். செப்டம்பர் 10இல் ஹைதர் அலியும் திப்புவும் அதைப் புள்ளலூரில் முறியடித்தனர். அதேவேளையில் ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். தோல்விச் செய்தி வந்ததும், இழுத்துச் செல்ல முடியாத கனரகப் பீரங்கிகளையும் தளவாடங்களையும் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் சிதம்பரம் கோயிலில் இருந்த ஹைதரின் காவற்படையை ஜெனரல் அயர் கூட் தாக்கி, இழப்போடு திரும்பினார். பின்னர் வடக்கே வந்து ஆகஸ்டில் திருப்பாச்சூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். செப்டம்பர் 27இல் திருத்தணிக்கு மேற்கேயுள்ள சோளிங்கரில் ஹைதரோடு மோதினார்.

இந்தப் போரில் கூட் திரும்பத் திரும்ப உணவு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்த இடம் வேலூர்க் கோட்டை. ஹைதரின் படை நெடுநாள் சூழ்ந்திருந்தும் அது விழவில்லை. விஜயநகரத்துக்கு உட்பட்ட சின்ன பொம்மி நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று மரபு கூறும் இந்தக் கோட்டையில், கோயில் மதிலுக்கு இல்லாதவை எல்லாம் உண்டு. அகலமான அகழி, அதையொட்டித் தாழ்ந்த வெளிமதில், அதற்குப் பின்னால் உயர்ந்த உள்மதில், இடைவெளி விட்டு வட்டக் கொத்தளங்களும் சதுர நீட்சிகளும். கருங்கற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கி அடுக்கப்பட்டுள்ளன. பரப்பு 133 ஏக்கர். பிஜப்பூர் சுல்தான்கள், 1678இல் மராத்தியர், பிறகு முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், கம்பெனி என அது கைமாறிக்கொண்டே வந்தது. 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுச்சி செய்ததும் இங்கேதான்.

அரண் இவ்வளவு வலுவாக இருந்தும் உள்ளிருந்த கோயில் தப்பவில்லை. வழிபாடு நின்றது. சிவலிங்கம் அருகிலுள்ள சத்துவாச்சாரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கோட்டையை ஆண்டவர்கள் கோயிலைப் படைக்கலக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிடங்கில்தான் கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்புறம் உள்ள கல்யாண மண்டபமும் இருந்தது. அதன் தூண்களில் குதிரை வீரர்களும் யாளிகளும் பாய்ந்தெழுகின்றன. விதானத்தின் நடுவில் விரிந்த தாமரை. அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள், எல்லாம் கல்லில். வெடிமருந்துப் பொதிகளுக்கிடையே இவை பெரிதும் சிதையாமல் நின்றதற்கு, படைகளுக்குக் கூரைதான் வேண்டியிருந்தது, சிற்பத்தில் அக்கறை இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோயிலார் தங்கள் மதிலை நம்பவில்லை என்பதற்குக் காஞ்சியே சான்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி வரதராசப் பெருமாளின் உற்சவத் திருமேனி உடையார்பாளையம் காட்டுப்பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, 1710இல்தான் திரும்பியது. காமாட்சியம்மன் கோயிலின் பொன் திருமேனி தஞ்சாவூருக்குப் போய் அங்கேயே பங்காரு காமாட்சியாக நிலைத்துவிட்டது. மதில் படைகளைக் காத்த அளவுக்குத் தெய்வங்களைக் காக்கவில்லை. உள்ளே படை இருந்ததாலேயே பீரங்கிக் குண்டுகள் கோயிலைத் தேடி வந்தன.

ஐரோப்பாவில் இதற்கு ஒப்பானவை வேறு வழியில் தோன்றின. சிசிலியில் நார்மானிய அரசன் இரண்டாம் ரோஜர் 1131இல் தொடங்கிய செஃபலு பேராலயத்தின் முகப்பை இரண்டு பருத்த கோபுரங்கள் காக்கின்றன. 1282இல் தொடங்கிய பிரான்சின் அல்பி பேராலயம் செங்கற்கோட்டையாகவே நிற்கிறது. அரண் தோற்றம் அங்கே கட்டியவர்களின் திட்டத்திலேயே இருந்தது. தொண்டை மண்டலத்தில் அதைக் கோயில்மேல் ஏற்றியவர்கள் பிற்காலப் படைத்தலைவர்கள்.

போர்கள் ஓய்ந்தபின் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் முழுமையாக வழிபாட்டுக்குத் திரும்பியது. இப்போது அது இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பலகாலம் வெறுமையாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கருவறையில், 1981 மார்ச் 16இல் ஊர் மக்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து நிறுவினார்கள். அன்றுமுதல் அங்கே நித்திய பூசை நடக்கிறது. அதே கோட்டைக்குள் 1846இல் கட்டிய புனித யோவான் ஆலயமும் ஒரு மசூதியும் உள்ளன.